செகண்ட் ஹேண்டில் ஒரு ஹிமாலயன்

“சிங்கிள் ஓனர், லடாக் போய் வந்த வண்டி, அறுபதாயிரத்துக்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்.” பழைய அட்வென்சர் பைக் விற்கிறவர்கள் அநேகமாக இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். முதலாவதை ஆர்சி புக்கில் பார்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் விலையை ஏற்றுவதற்காகச் சொல்லப்படுகிறவை. இயற்பியல் பக்கமிருந்து கேட்டால் இரண்டுமே விலையை இறக்கவேண்டிய காரணங்கள். லடாக் போய் வந்தது என்றால் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்ன எஃகு குண்டுகள் ஆயிரக்கணக்கான பள்ளங்களின் அடியை வாங்கியிருக்கின்றன. அறுபதாயிரத்துக்கு ஃபிட்டிங் என்றால் வண்டியை வடிவமைத்தவர் கணக்கில் வைக்காத இருபது முப்பது கிலோவைப் பின்பக்க ஸ்பிரிங் வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது.

விற்பவர் பேச்சைக் கேட்டு வாங்குவதைவிட வண்டியின் தேய்மானத்தைப் படித்து வாங்கலாம். அதற்கு ஒரு குறிப்பிட்ட வண்டியை முன்னால் நிறுத்திக்கொள்வது நல்லது: ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411. 2016 மார்ச்சில் வெளிவந்து, 2023 இறுதியில் 452 சிசி வாரிசுக்கு வழிவிட்டது. ஏழு வருட உற்பத்தி இப்போது பழைய வண்டிச் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளில் பிறந்த வண்டி என்பதால் உதிரிபாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் இங்கே பஞ்சமில்லை.

காகிதத்தில் இது ஏமாற்றம்தான். 411 சிசி எஞ்சினிலிருந்து 24.5 குதிரைத்திறன். இதைவிடச் சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு கேடிஎம் 390 நாற்பதுக்கு மேல் தருகிறது. ஆனால் ஹிமாலயனின் சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 86. இந்த நீண்ட ஓட்டமும் அதற்கேற்ற கேம், வால்வு அமைப்பும் சேர்ந்து 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 4,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடுகின்றன. கூழாங்கல் பாதையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது கைக்கு வேண்டியது அந்த முறுக்குவிசை. உச்சத் திறன் பற்றிய பேச்சு நெடுஞ்சாலைக்கு மட்டும்.

இந்த வகை வண்டிகளுக்கு மூதாதை 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். அடுத்த ஆண்டே பாரிஸ்–டக்கார் பந்தயத்தில் ஹூபெர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் வென்றதும் உலகம் அதைக் கவனித்தது. அந்த வண்டியில் இருந்த 21 அங்குல முன்சக்கரம் ஹிமாலயனிலும் இருக்கிறது. வெறும் தோற்றத்துக்காக இல்லை என்பதற்கு ஒரு சின்ன வடிவியல் கணக்கு போதும். டயரோடு சேர்த்து 21 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். சாதாரண ரோடு பைக்கின் 17 அங்குலச் சக்கரத்துக்கு 30. முப்பது சென்டிமீட்டர் அகலப் பள்ளத்தில் சின்னச் சக்கரம் 40 மில்லிமீட்டர் இறங்கும். பெரியது 34-தான் இறங்கும். ஒரு பள்ளத்தில் ஆறு மில்லிமீட்டர் பெரிய விஷயமில்லை. நாள் முழுக்கப் பள்ளமாகவே இருக்கும் சாலையில் அது மணிக்கட்டுக்குத் தெரியும். விலை இல்லாமல் இல்லை: பெரிய சக்கரம் கனமானது, வளைவில் சாய்க்கச் சோம்பல்படும்.

எந்த வருட மாடல் என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: பட்ஜெட் இடம் கொடுத்தால் 2020-க்குப் பிந்தையது. தொடக்க வண்டிகள் கார்புரேட்டர், 2017-இல் பிஎஸ் 4 விதிகளோடு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது, 2018-இல் ஏபிஎஸ், 2020 பிஎஸ் 6 மாடலில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி. சரளையில் பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னால் கற்களைக் குவித்து அதில் மோதி நிற்கிறது. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாமல் உருட்டிக்கொண்டே இருப்பதால் அங்கே நிற்கும் தூரம் கூடிவிடும். அதற்குத்தான் அந்த சுவிட்ச். இத்தனை சேர்ந்ததில் எடையும் 182 கிலோவிலிருந்து 199-க்கு ஏறிவிட்டது.

கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்பது மலைக்குப் போகிறவருக்கு முக்கியம். லே ஊருக்கு மேலே உள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். (அங்கே நீண்ட காலம் நின்ற பலகை 18,380 அடி என்று எண்ணூறு அடி கூட்டிச் சொன்னது, படம் எடுக்க நன்றாக இருந்தது.) அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். கார்புரேட்டர் காற்றின் ஓட்டத்தை வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று மெலிந்துவிட்டதற்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் குறைக்க அதற்குத் தெரியாது. கலவை கொழுத்து, கரும்புகை வந்து, வண்டி திணறும். இன்ஜெக்‌ஷனில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் பெட்ரோல் தானாகக் குறையும். ஆனால் இல்லாத ஆக்சிஜனை எந்த சென்சாரும் கொண்டுவராது. 24.5 குதிரைத்திறன் அங்கே 13, 14 ஆகத்தான் இருக்கும், எந்த மாடலானாலும்.

இனி வண்டியைப் பார்க்கப் போகலாம். போனிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் பாதி உண்மையை மறைத்துவிடும். இரவு முழுக்க ஆறிய எஞ்சினை எழுப்பும்போது ஒரு கணம் நீலப்புகை வந்தால், வால்வு ஸ்டெம் சீல் வழியாக ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. விடாமல் நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். வெண்மையாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது ஆவியாகத் தெரியும், சூடானதும் மறையும்.

டாப்பெட் சத்தம் கேட்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். மெல்லிய டிக்டிக் இருப்பது நல்லதுதான். வெளியேற்று வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில், உட்காரும் விளிம்பு வழியாகத்தான் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி இல்லாமல் இறுகிப்போன வால்வு முழுசாக மூடாது, சத்தமும் போடாது. சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் விளிம்பு எரிந்துபோகும். ஹிமாலயனில் திருகும் லாக் நட்டும் கொண்ட எளிய டாப்பெட். ஃபீலர் கேஜ் உள்ள எந்தப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம்.

என்னைக் கேட்டால், எஞ்சினுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஸ்டியரிங் கோன் செட்டுக்கு, அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் அந்த எஃகுக் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும், கொடுக்க வேண்டும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கம் ஒருவரை அமுக்கச் சொல்லி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். ஹேண்டில்பாரை இரண்டே விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சின்னக் குழியில் விழுந்த மாதிரி சிக்கி நின்றால், தேய்மானம் பேசுகிறது என்று அர்த்தம். நெடுந்தூரம் ஓடும் வண்டியின் ஹேண்டில் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அதே குண்டுகள் வழியாக, வளையத்தின் அதே புள்ளிகளில் இறங்குகிறது. குண்டு தட்டையான பரப்பைத் தொடுவது ஒரு புள்ளியில். பரப்பு குறைவு, அழுத்தம் மிக அதிகம். எஃகின் தாங்கும் எல்லையைத் தாண்டினால் அங்கே நிரந்தரக் குழி விழுந்துவிடும். எஃகுக் குண்டை உலோகத்தில் அழுத்திக் குழியை அளந்து கடினத்தன்மை சொல்லும் முறையை 1900-இல் கொண்டுவந்த ஸ்வீடன் பொறியாளர் பிரினெலின் பெயரால்தான் பொறியாளர்கள் இந்தத் தேய்மானத்தையும் பிரினெலிங் என்கிறார்கள். லடாக் சாலையே பிரினெலின் கருவியாக மாறி இந்த வளையத்தைச் சோதித்திருக்கிறது. மாற்றும்போது குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர் பேரிங் போட்டுவிடுவது உத்தமம். உருளை தொடுவது ஒரு கோட்டில் என்பதால் அதே அடி கூடுதல் பரப்பில் பரவும். செலவு பெரிதில்லை, பேரம் பேச மட்டும் பெரிய ஆயுதம்.

ஸ்டாண்டில் நிற்கும்போதே ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டு போகலாம். வீணைத் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிற அதே விதிதான். இறுக்கமான ஸ்போக் கணீரென்னும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இரண்டொன்று தளர்ந்திருந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்து நாலைந்து மந்தமாக ஒலித்து, ரிம்மிலும் அந்த இடத்தில் நெளிவு தெரிந்தால் விலகிவிடுங்கள், அல்லது ரிம் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

செயின் நீளமாவது தகடுகள் இழுபடுவதால் அல்ல, ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்வதால். இந்த அளவு வண்டிகளின் செயினில் ஒரு கண்ணி 15.875 மில்லிமீட்டர், இறுக்கிப் பிடித்த இருபது கண்ணிகள் புதிதில் 317.5 இருக்க வேண்டும். 324-ஐ நெருங்கினால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். ஓடோமீட்டர் பதினைந்தாயிரம் என்று சொல்ல, செயின் 324 என்று சொன்னால் செயினை நம்பலாம். (செயினை ஏற்கெனவே மாற்றியிருந்தால் அது எதையும் சொல்லாது. அப்போது பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை ஓட்டித் தேய்மானத்தைப் பாருங்கள், குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.)

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஓசோனும் வெயிலும் ரப்பரை இறுக்கிவிடும். ஐந்தாறு வயதான டயரில் ஈரச்சாலையை நம்பி ஓட்ட நான் தயாரில்லை. பிரேக் ஆயிலும் வயதாகும் பொருள்தான். டாட் 4 வகை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்குகிற ஆயில், ஈரம் ஏறியபின் 155-இலேயே கொதிக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் உள்ளே ஆவிக்குமிழ் உருவாகும். ஆயிலைப் போலன்றி ஆவி அமுங்கக்கூடியது என்பதால் லீவர் ஒன்றும் செய்யாமல் கைப்பிடிவரை வந்துவிடும். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள், விற்றவர் என்ன சத்தியம் செய்தாலும்.

சென்னைப் பதிவெண் வண்டிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. கழுவி பாலிஷ் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களைப் பிரித்துப் பார்த்தால் பச்சைப் பூப்பு தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையிலும் ஹெட்லைட் உள்ளேயும் வண்டல் கோடு இருக்கும். எஞ்சின் கோளாறைச் சரிசெய்யலாம். அரித்துப்போன ஒயரிங் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும்.

காகிதங்களைப் பற்றி ஒரே பத்தி. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சியோடு பொருந்த வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கி கையெழுத்திட்ட படிவம் 35. வெளிமாநில வண்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்றால், தடையில்லாச் சான்று வாங்கும் அலைச்சலும் இங்கே கட்டவேண்டிய சாலை வரியும் அந்தச் சல்லிசுக்குள் அடங்கவில்லை என்று பொருள்.

வாங்கியாயிற்று. இப்போது எல்லோரும் செய்வது, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் இன்னும் இரண்டு விளக்கு மாட்டுவது. முதல் பணம் ஸ்பிரிங்குக்குப் போக வேண்டும், அல்லது குறைந்தபட்சம் முதல் மாலைப்பொழுதாவது. அதற்கு ஓர் அளவு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு போல்ட்வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஷூ, ஜாக்கெட், கொண்டுபோகப்போகும் சுமை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் அமிழ்வு. ஹிமாலயனின் பின்சக்கரம் மொத்தம் 180 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகும். அதில் ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது 54 மில்லிமீட்டர் பக்கம் அமிழ்ந்திருக்க வேண்டும். ஏன் அமிழ வேண்டும்? மேட்டில் சக்கரம் மேலே போவதைப் போலவே பள்ளத்தில் கீழே போயும் தரையைத் தொட வேண்டும். அமிழ்வே இல்லாத சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் காற்றில் நிற்கும்.

அளவு எண்பது, தொண்ணூறு என்று வந்தால் ஷாக்கில் இருக்கும் பிரிலோட் வளையத்தைத் திருகச் சொல்வார்கள். ‘ஸ்பிரிங்கை ஹார்டாக்குகிறோம்’ என்றும் சொல்வார்கள். ஆகாது. சாதாரண ஸ்பிரிங்கில் விசையும் அமுக்கமும் ஒரே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-இலேயே அச்சில் சொல்லிவிட்டார். அந்த விகிதம் கம்பியின் தடிமனையும் சுற்றுகளையும் பொறுத்தது. வளையத்தைத் திருகுவதால் கம்பி தடிக்காது. வண்டி நிற்கும் உயரம் மட்டும் மாறும். சக்கரத்தில் அளந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து கிலோ சுமை ஏற்றினால் முப்பது மில்லிமீட்டர் கூடுதலாக அமிழும். வளையம் எங்கே இருந்தாலும் அதே முப்பதுதான்.

எனவே இன்னொரு அளவும் எடுக்க வேண்டும்: ஆளும் சுமையும் இல்லாமல் வண்டி தன் எடையிலேயே எவ்வளவு அமிழ்கிறது. ஆளோடு 54 கிடைக்கும்படி திருகியபின், வெறும் வண்டி கொஞ்சம்கூட அமிழாமல் விறைத்து நின்றால், மெல்லிய ஸ்பிரிங்கைத் திருகியே சமாளித்திருக்கிறீர்கள். தடிமனான ஸ்பிரிங் வாங்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவந்தால் காசு மிச்சம். பின்பக்கம் மிகுதியாக அமிழ்ந்த வண்டியில் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடி ஸ்டியரிங் மந்தமாகும், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி கரையும், ஹெட்லைட் எதிரே வரும் லாரிக்காரர் கண்ணில் அடிக்கும். டேம்பிங்குக்கு எளிய சோதனை ஒன்றுண்டு: பின்சீட்டை அழுத்தி விடுங்கள், ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். துள்ளித் துள்ளி நின்றால் உள்ளே ஆயில் போய்விட்டது.

அந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குகளில் நான் முதலில் கழற்றுவது டாப் பாக்ஸ். பின் அச்சுக்கு நாற்பது சென்டிமீட்டர் பின்னால் இருபது கிலோ ஏற்றினால், 1,465 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி கொண்ட இந்த வண்டியில் முன்சக்கரத்தின் மீதிருந்து ஐந்தரை கிலோ தூக்கப்பட்டுவிடும். அதைவிட மோசமானது சுழல் நிலைமம். எடை, தூரத்தின் வர்க்கம் இரண்டையும் பெருக்க வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்த பத்து கிலோ, முப்பது சென்டிமீட்டரில் வைத்த அதே பத்து கிலோவைவிடப் பதினோரு மடங்கு தயக்கத்தைத் தரும். வண்டி திரும்பத் தயங்கும், திரும்பியபின் நிற்கவும் தயங்கும். நெடுஞ்சாலையில் பின்பக்கம் மெல்ல ஆடுவது அதனால்தான். கனமான டூல்ஸ், தண்ணீர் எல்லாம் டேங்க் பக்கத்தில், தாழ்வாக. தலையணை, தூங்கு பை போன்றவை பின்னால். அகலமான அலுமினியப் பெட்டிகளைவிடத் துணி சாடில் பேக் எனக்கு உசத்தி. எடை மிச்சம், காற்றும் மிச்சம்: காற்றைப் பிளக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாகக் கூடுவதால், 80-இலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போக அந்தக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். கையில் இருப்பதே 24.5.

கரடுமுரடில் எழுந்து நின்று ஓட்டினால் ஈர்ப்பு மையம் தாழ்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எழுந்தால் உடம்பு மேலே போகிறது. மையமும் மேலேதான் போகும். மாறுவது வேறு. உட்கார்ந்திருக்கும்போது வண்டி ஒவ்வொரு முறை ஆடும்போதும் எழுபது கிலோ உடம்பையும் சேர்த்து ஆட்ட வேண்டும். நின்றால் முழங்கால் மடங்கிக்கொடுக்கிறது, வண்டி கீழே தன்பாட்டுக்கு ஆடிக்கொள்கிறது. அதற்கு ஹேண்டில்பார் எட்ட வேண்டும். நின்றபடி குனியாமல் பிடிக்க முடியாவிட்டால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ரைசர் போடலாம். போட்டபின் ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, கேபிள்களும் பிரேக் ஓஸும் இழுபடவில்லையே என்று பார்க்க வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் டயர் காற்றைக் குறைப்பது வகுத்தல் கணக்கு. பின்சக்கரத்தில் 150 கிலோ இறங்கினால், 32 பிஎஸ்ஐயில் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 67 சதுர சென்டிமீட்டர். 20-க்கு இறக்கினால் நூறைத் தாண்டும். ஆனால் இது ஸ்போக் ரிம், டியூப் டயர். குறைந்த காற்றில் வேகமாகக் கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். தார்ச்சாலை வந்ததும் ஏற்றிவிட ஒரு சின்ன பம்ப் கையில் இருக்கட்டும்.

கடைசியாக போல்ட்டுகள். இறுக்கிய போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான். சற்றே நீண்டு, திரும்பச் சுருங்கத் துடிக்கிற அந்த இழுவைதான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. பக்கவாட்டு அதிர்வில் மரைகள் நுண்ணிய அளவில் வழுக்கி அந்த இழுவை கரையும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் பரிசோதனையாகவே காட்டினார். ஹிமாலயனில் பேலன்சர் தண்டு இருந்தாலும் ஒற்றை சிலிண்டர் ஒற்றை சிலிண்டர்தான். புதிதாக மாட்டிய கேரியர், கிராஷ் கார்டு, ரைசர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கி, போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் முடிந்ததும் குனிந்து பார்த்தால் போதும். கோடு உடைந்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, மரையைத் துடைத்து, லாக்டைட் இரண்டு சொட்டு விட்டு மறுபடி இறுக்க வேண்டும்.